‘இளவரசி’ என்று எழுதுமுன்: கற்பனைத் தொடர்களின் வீராங்கனைகளுக்குத் தமிழில் பட்டம் தருவது எப்படி?

ஸீனா என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் வீராங்கனை ஸீனாவின் கதையைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் பெயரிலேயே முதல் சிக்கல் வந்துவிடும். அவசரத்தில் ‘சீனா’ என்று அடித்தால் அது ஒரு நாடு. ஆகவே ‘ஸீ’ போட்டே எழுதுங்கள். பெயரைத் தாண்டினால் அதைவிடப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. 1995 முதல் 2001 வரை ஆறு பருவம், 134 பாகங்கள் ஓடிய அந்தத் தொடர் தலைப்பிலேயே அவளை ‘வாரியர் பிரின்சஸ்’ என்கிறது. தமிழில் என்ன எழுதுவது? போர் இளவரசியா, வீர இளவரசியா, வீரமங்கையா? சப்டைட்டில் எழுதப் பழகிய நாட்களில் இந்த மூன்றையும் மூன்று பாகங்களில் மாற்றி மாற்றிப் போட்டேன். பார்த்தவர்கள் மூன்று வெவ்வேறு பட்டங்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

சப்டைட்டில் எழுத வருபவர்களுக்கும், இந்தத் தொடர்களைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுதுபவர்களுக்கும், சொந்தமாக ஒரு வாள்வீச்சுக்காரியைப் படைக்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் செய்யும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில்: அந்தப் பட்டம் அவளுக்கு எப்படி வந்தது?

அகராதியைத் திறக்க முதல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். பிறப்பால் வந்ததா, கலியாணத்தால் வந்ததா, வாளால் வந்ததா, யாராவது கொடுத்துப் போனதா? ஆங்கிலத்தில் ‘குவீன்’, ‘பிரின்சஸ்’ என்ற இரண்டு சொற்களை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். தமிழில் அப்படி ஓட்டத் தேவையில்லை. நம்மிடம் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எல்லாரையும் ‘ராணி’, ‘இளவரசி’ என்று இரண்டு கூடைக்குள் போடுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய பிழை.

ஸீனாவையே எடுங்கள். அவள் அரசன் மகள் அல்ல. அம்ஃபிபொலிஸ் என்ற ஊரில் சத்திரம் நடத்திய சைரீன் என்பவளின் மகள். ஊரைக் காக்க ஆள் திரட்டியவள், பிறகு அதே படையோடு மற்ற ஊர்களைச் சூறையாடும் தலைவியானாள். திருந்திய பிறகும் அந்தப் பட்டம் அவளை விட்டுப் போகவில்லை. அவளுக்கு அரண்மனை இல்லை, நாடு இல்லை. ‘வீர இளவரசி’ என்று எழுதினால் நம் வாசகர் உடனே ‘எந்த ராசாவின் மகள்?’ என்று தேடுவார். தமிழில் இளவரசி என்றால் தகப்பன் அரசன் என்றுதான் அர்த்தம்.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது ‘போர்க்களத்து இளவரசி’. அந்த ‘-த்து’ வேலை செய்கிறது. ‘சோழநாட்டு இளவரசி’ என்பதைப் போலவே காதில் விழும். அவளுக்கு உரிய நாடு போர்க்களம்தான் என்று ஆகிவிடும். இன்னொரு எழுத்தும் சேர்க்காமல், பிறப்பால் வந்த பட்டம் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது.

அவளோடு வரும் கேப்ரியலின் கதை நேர்மாறு. பொடிடேயா என்ற ஊரின் சாதாரணப் பெண். பெண்களே படையாக வாழும் அமேசான் குலத்தின் அரசி மெலோசாவின் தங்கை டெரீஸ் சாகும் தறுவாயில் தன் உரிமையை இவளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அதனால் கேப்ரியல் சட்டப்படியே அமேசான் இளவரசி, பிற்பாடு அரசி. கூடவே நடக்கும் இரண்டு பேரில், பெயரில் இளவரசி என்று இருப்பவளுக்கு உரிமை இல்லை. ஓலை எழுதித் திரிபவளுக்கு உரிமை இருக்கிறது. ‘இளவரசி’ என்ற தனிச்சொல்லைக் கேப்ரியலுக்கே ஒதுக்கி வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெரீஸ் கொடுக்கும் உரிமைக்குத் தொடரில் இருக்கும் ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ‘சாதி உரிமை’ என்று வரும். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் என்னென்ன நினைவுக்கு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அங்கே ‘வாரிசுரிமை’ என்று போடுங்கள். கதையில் நடப்பதும் அதுதான்.

ஷீ-ராவுக்கு இதே கேள்வியை இரண்டு தடவை கேட்க வேண்டும். 1985 இல் வந்த கார்ட்டூனில், ஷீ-ராவாக மாறும் அடோரா உண்மையாகவே எட்டேர்னியா அரசனின் மகள், குழந்தையில் திருடப்பட்டவள். 2018 இல் புதிதாக எடுத்த தொடரில் அந்தப் பிறப்புக் கதை இல்லை. ‘பிரின்சஸ் ஒஃப் பவர்’ என்ற பட்டம் ஒன்றுதான், அடித்தளம் வேறு. எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘சக்தி இளவரசி’ என்பது இரண்டுக்கும் பொருந்தும். சக்தி என்ற சொல்லுக்குள் நமக்கு அம்மன் இருப்பது இங்கே நல்லதற்கே.

நம்மிடம் இருக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்

ஒரு கொப்பியில் இவற்றை எழுதி வைத்திருங்கள். எனக்கு நாள்தோறும் உதவுகிறவை இவை.

அரசி என்பது ஆளுகிறவள். பட்டத்தரசி என்பது அரசனின் முதன்மை மனைவி. ஆட்சி அவள் கையில் இருக்க வேண்டும் என்று இல்லை. கோப்பெருந்தேவி என்றால் சிலப்பதிகாரத்துப் பாண்டிமாதேவிதான் நினைவுக்கு வருவாள், அவளும் அரசனின் மனைவி. ராஜமாதா அரசனின் தாய். பாகுபலி படம் அந்தச் சொல்லை எல்லார் வாயிலும் போட்டுவிட்டதால் விளக்கமே தேவையில்லை. பேரரசி பல அரசர்களுக்கு மேல் இருப்பவள்.

நாச்சியார் என்றால் அரசி என்று நேர்ப்பொருள் இல்லை, தலைவி, பெருமாட்டி என்பது. ஆனால் 1772 இல் கணவரைப் போரில் இழந்து, 1780 இல் சிவகங்கையைப் படை நடத்தி மீட்ட வேலு நாச்சியாருக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு வாள் வந்துவிட்டது. நமக்கு அது இன்னும் கிட்ட இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நாச்சிமார் கோவிலடியைத் தாண்டிப் போகாதவர்கள் யார்? தெய்வத்துக்கும் தலைவிக்கும் பொதுவான இந்தச் சொல், மந்திர சக்தியும் படையும் சேர்ந்த பெண்ணுக்கு நன்றாக வரும்.

பிராட்டி, பிராட்டியார் என்பதும் அப்படியே. சோழர் கல்வெட்டுகளில் அரசிகள் ‘நம்பிராட்டியார்’. மீனாட்சி போர்க்கோலத்தில் எட்டுத் திக்கும் வென்ற கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்லும்போது அவள் பெயர் தடாதகைப் பிராட்டி. மலயத்துவச பாண்டியனின் மகள், தகப்பனுக்குப் பின் முடிசூடியவள், படையோடு கயிலை வரை போனவள். கற்பனைத் தொடர்களில் வரும் வாள் ஏந்திய அரசிக்கு எங்களிடம் இருக்கும் மிகப் பழைய முன்மாதிரிகளில் அவள் ஒருத்தி. சொந்தக் கதை எழுதுபவர்கள் ‘பிராட்டி’யைத் துணிந்து எடுத்தாளுங்கள்.

என் மனதுக்கு மிகவும் நெருக்கமான சொல் ‘அரசாணி’. அல்லி அரசாணி மாலையில் வரும் அல்லி, ஆண்களை அண்ட விடாமல் தனியே ஆண்டவள். பெண் அதிகாரம் நடக்கும் இடத்தை இன்றும் அல்லி ராச்சியம் என்கிறோம். அமேசான்களின் அரசிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் வேறு மொழியிலும் இருக்குமா என்று தெரியாது. மெலோசாவை நான் ‘அமேசான் அரசாணி’ என்றுதான் எழுதினேன்.

எடுத்தாளக் கூடாதது ஒன்றும் இருக்கிறது. கொற்றவன் என்றால் அரசன்; அதற்குப் பெண்பால் தேடிப் பலர் ‘கொற்றவை’க்குப் போகிறார்கள். அது பாலைநிலத்துத் தெய்வம். மனுசிக்குப் போட்டால் வாசகர் அவளைத் தெய்வமாகவே எடுத்துக்கொள்வார்.

ஒரே பெண்ணுக்குப் பட்டம் மாறும்போது

கேம் ஒஃப் த்ரோன்ஸில் வரும் செர்சி வாள் எடுக்கிறவள் அல்ல, இருந்தாலும் பயிற்சிக்கு அவள்தான் நல்லவள். முதலில் அரசன் ராபர்ட்டின் மனைவி: பட்டத்தரசி. அவன் இறந்து, மகன் சிறுவனாக இருக்கையில் அவனுக்காக ஆளுகிறாள். ஆறாம் பருவத்தின் முடிவில் தானே முடிசூடுகிறாள்: அரசி. ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் ‘குவீன்’ இருக்கும்.

நடுவில் வருவதற்குத் தமிழில் என்ன? மதுரையில் ராணி மங்கம்மாள் 1689 முதல் பேரனுக்காக இப்படித்தான் ஆண்டார். வரலாற்று நூல்களில் ‘காப்பாட்சியர்’, ‘பகர ஆளுநர்’ என்றெல்லாம் இருக்கும். திரையில் ஓடும் வரியில் அவை கல்லைப் போல நிற்கும். நம் நாட்டில் பதில் அதிபர், பதில் நீதவான் என்று தினமும் வாசிக்கிறோம். ‘பதில் அரசி’ என்று நான் எழுதியபோது இங்கே ஒருவரும் தடுக்கி விழவில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கு எழுதினால் ‘மகனுக்காக ஆளும் அரசி’ என்று விரித்துவிடுங்கள்.

ஹவுஸ் ஒஃப் த ட்ராகனில் ரெய்னிராவின் இளமைப் பட்டம் ‘ட்ராகன்ஸ்டோன் இளவரசி’. அது அடுத்து ஆளப் போகும் வாரிசின் பட்டம். ‘முடிக்குரிய இளவரசி’ என்று முதல் தடவையாவது சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ட்ராகன்ஸ்டோன் என்ற தீவுக்கு மட்டும் இளவரசி என்று விளங்கிவிடும்.

அதே தொடரில் ரெய்னிஸ் வருகிறாள். மூத்த உரிமை இருந்தும், பெரிய சபை கூடி அவளை விட்டுவிட்டு விசேரிஸைத் தெரிந்தெடுத்தது. அதன் பிறகு ஊர் அவளுக்கு வைத்த பெயர், அரசியாக ஆகாமலே போனவள் என்பது. இதைக் கண்டதும் கை தானாக ‘முடிசூடா அரசி’ என்று எழுதப் பார்க்கும். நிறுத்துங்கள். முடிசூடா மன்னன் என்பது தமிழில் புகழ்ச்சி. முடி இல்லாவிட்டாலும் மக்கள் மனதை ஆளுகிறவன் என்று அர்த்தம். ரெய்னிஸின் பெயரில் இருப்பது காயம். ‘அரசியாகாமற் போன அரசி’ என்றால் அந்த வலி நிற்கும்.

பட்டங்களை அடுக்குவது: கட்டியமும் மெய்க்கீர்த்தியும்

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

2017 இல் வந்த கேம் ஒஃப் த்ரோன்ஸ் ஏழாம் பருவத்தில் ஒரு காட்சி. ட்ராகன்ஸ்டோன் மண்டபத்தில் டெனேரிஸ் அமர்ந்திருக்கிறாள். முன்னால் ஜோன் ஸ்னோ. மிசாண்டே தன் அரசியின் பட்டங்களை ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லி முடிக்கிறாள். இந்தப் பக்கம் நிற்கும் டேவோஸ் தன் தலைவனுக்குச் சொல்வது அரை வரி. அந்த நீளமும் குறுகலும்தான் காட்சியின் உயிர். தமிழில் மிசாண்டேயின் அடுக்கு சரிந்துவிட்டால் டேவோஸின் அரை வரிக்கும் வேலை இல்லை.

மிசாண்டே செய்வதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கட்டியம் கூறுதல். கூத்தில் ராசா வரமுன் கட்டியகாரன் வந்து சொல்வது அது. நல்லூர்த் திருவிழாவில் இன்றும் கட்டியம் சொல்கிறார்கள், புவனேகபாகு என்ற பெயர் அதில் வரும். அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

முதல் வேலை வரிசை. ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வரும், பட்டங்கள் பின்னால் தொங்கும். கல்வெட்டில் அரசன் புகழைப் பாடும் தமிழ் மெய்க்கீர்த்தியில் வென்ற நாடுகளும் செய்த செயல்களும் முன்னால் வந்து, அரசனின் பெயர் கடைசியில் விழும். ‘திருமகள் போல’ என்று தொடங்கி, ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்று எவ்வளவோ தூரம் போன பிறகுதான் இராஜராஜன் பெயர் வருகிறது. கட்டுரையிலோ கதையிலோ எழுதும்போது அந்த வரிசையே அழகு. சப்டைட்டிலில் அது முடியாது; நடிகை ‘டெனேரிஸ்’ என்று சொல்லும் நொடியில் திரையிலும் அந்தப் பெயர் நிற்க வேண்டும். அதனால் அங்கே ஒவ்வொரு பட்டத்தையும் தனித்தனி வரியாக, தன் காலில் நிற்கும்படி வெட்டுங்கள். ‘-உம்’, ‘ஆகிய’ போட்டு இழுக்காதீர்கள்.

அடுத்து ஒவ்வொன்றாக. ‘புயலில் பிறந்தவள்’ நேராகவே வரும். ட்ராகன்ஸ்டோனில் பெரும் புயலடித்த நேரத்தில் அவள் பிறந்ததால் வந்த பெயர். ‘தன் பெயரில் முதலாமவள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலாம் இராஜராஜன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள், ‘முதலாம் டெனேரிஸ்’ போதும்.

அடிமைகளை விடுவித்ததால் வந்த பட்டத்தை நான் முதலில் ‘விலங்கறுத்தவள்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பெருமைப்பட்டேன் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்த மருமகள், “மாமா, எந்த விலங்கை வெட்டினவ?” என்று கேட்டாள். அவளுக்குப் பதினொரு வயது. அவள் கேட்டது முழுக்க நியாயம். கைவிலங்கும் விலங்குதான், காட்டு விலங்கும் விலங்குதான், ‘அறுத்தவள்’ சேர்ந்தால் ஆடு மாடுதான் முன்னால் வரும். ‘தளையறுத்தவள்’ என்று மாற்றினேன். இன்று வரை அதுதான்.

எரியாதவள் என்ற பட்டம் இன்னும் கஷ்டம். ‘எரியாத’ என்றால் அடுப்பு, விளக்கு. ‘வேகாத’ என்றால் சோறு. ‘தீ தீண்டாதவள்’ என்றால் தீண்டாமை வந்து குறுக்கே நிற்கும். ‘தீக்குளித்தவள்’ என்பதைத் தொடவே தொடாதீர்கள், அந்தச் சொல் இன்று எதைக் குறிக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். முதல் பருவத்தின் முடிவில் அவள் கணவனின் சிதைக்குள் நடந்து போய், விடியும்போது மூன்று ட்ராகன் குஞ்சுகளோடு எழுகிறாள். நடந்ததை எழுதினேன்: ‘தீயை வென்றவள்’.

ட்ராகன்களின் தாய் என்பதில் ட்ராகனை மாற்றாமல் விடுங்கள். நாகம் என்று போட்டு ‘நாகத்தாய்’ ஆக்கினால், இந்தப் பக்கத்து வாசகர் மனதில் நயினாதீவு நாகபூசணி அம்மன்தான் வந்து நிற்பார்.

கலீசி என்பது தொத்ராக்கி மொழியில் குதிரைப்படைத் தலைவனின் மனைவி. அந்த மொழியைத் தொடருக்காக விரித்து உருவாக்கியவர் டேவிட் பீட்டர்சன். ஆக அது கலியாணத்தால் வந்த பட்டம். கணவன் செத்தால் விதவைகள் கூடும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியவள். அவள் போக மறுத்து, அந்தப் பட்டத்தைத் தன் சொந்தப் பட்டமாக ஆக்கிக்கொண்டதுதான் கதை. மொழிபெயர்த்தால் அந்தப் பயணம் காணாமல் போகும், ‘கலீசி’ என்றே விடுங்கள். கணவனின் பட்டத்தை மட்டும் ஒலிபெயர்க்காதீர்கள். ‘கல் ட்ரோகோ’ என்றாலும் ‘கால் ட்ரோகோ’ என்றாலும் தமிழில் வேறொன்றாகிவிடும். ‘தலைவன் ட்ரோகோ’ போதும்.

முழுவதையும் கட்டுரையில் நான் இப்படி அடுக்குவேன்: புயலில் பிறந்தவள், தீயை வென்றவள், தளையறுத்தவள், ட்ராகன்களின் தாய், பெரும்புல்வெளியின் கலீசி, ஏழு நாடுகளின் காவலி, ஆண்டல்களுக்கும் முதல் மாந்தருக்கும் அரசி, டார்கேரியன் குலத்து டெனேரிஸ். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசிப் பெயரில் மூச்சு சரியாக வந்து இறங்கும்.

பிரியெனின் ‘சேர்’

அரச பட்டம் இல்லை என்றாலும் இதைக் கேட்காதவர்கள் இல்லை. கேம் ஒஃப் த்ரோன்ஸ் எட்டாம் பருவத்தின் இரண்டாம் பாகத்தில் வீரன் ஜேமி, வாள் ஏந்திய பிரியெனை வீரப்பட்டம் தந்து எழுப்புகிறான். அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த ‘சேர்’ அவளுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சேர் என்றால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆண். பெண் என்றால் ரீச்சர், மிஸ். ஆனாலும் சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்று வீரப்பட்டமாகவே அந்தச் சொல்லை அறிந்த ஊர் இது. எனவே ‘சேர் பிரியென்’ என்று அப்படியே எழுதுங்கள். ஆண்களின் சொல் ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் வந்து நிற்பதுதான் அங்கே கண்ணீரை வரவைப்பது. ‘வீராங்கனை பிரியென்’ என்று எழுதினால் அது போய்விடும்.

அழைக்கும் முறை

பட்டத்தைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் காவலாளி அரசியை ‘நீ’ என்று கதைத்தால் எல்லாம் வீண். எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது, நடுப்படியை விடாதீர்கள். டெனேரிஸிடம் அவளுக்குப் பணி செய்யும் ஜோரா ‘நீங்கள்’. காதலனான டாரியோ தனியே இருக்கும்போது ‘நீர்’, சபையில் ‘நீங்கள்’. நமக்கு ‘நீர்’ வீட்டுச் சொல், தமிழ்நாட்டவருக்கு அது சரித்திர நாடகச் சொல். இரண்டு பக்கமும் இடிக்காது.

எதிரி ஒருத்தன் வீராங்கனையை ‘பிரின்சஸ்’ என்று இளக்காரமாகக் கூப்பிட்டால் ‘இளவரசி’ போடாதீர்கள், அந்த நஞ்சு இறங்காது. நம் வாயில் அது ‘பெரிய மகாராணி!’. தகப்பன் அதே சொல்லால் மகளைக் கொஞ்சினால் ‘ராசாத்தி’. என் அம்மம்மா கோழிக்குத் தவிடு போடும்போதுகூட “என்ர ராசாத்தி, அந்தச் சிரட்டையை எடுத்துத் தா” என்றுதான் தங்கச்சியைக் கூப்பிடுவார். அதற்கு மேல் ஒரு பட்டமும் அந்த இடத்தில் பொருந்தாது.

கடைசியாக

ஒவ்வொரு பட்டத்துக்கும் நீங்கள் தீர்மானித்த எழுத்தைக் கொப்பியில் குறித்து, முதல் பாகம் முதல் கடைசிப் பாகம் வரை மாற்றாமல் வையுங்கள். பிறகு, தொடரையே பார்க்காத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் அம்மாவுக்கு வாசிப்பேன். ‘போர்க்களத்து இளவரசி’யைக் கேட்டுவிட்டு, “அப்ப அவவுக்கு வீடு வாசல் இல்லையோ?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கொப்பியில் பேனையால் எழுதினேன்.